30 மி.லி. பாட்டிலும் ஐந்து நாள் மருந்தும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மழைக்காலம் வந்தாலே குழந்தைகள் மருத்துவர் வாசலிலும் மருந்துக்கடையிலும் கூட்டம்தான். 'ஆன்டிபயாடிக்கைக் கண்டபடி வாங்கிக் கொடுக்காதீர்கள்' என்று பத்திரிகைகள் எழுதுகின்றன, எழுத வேண்டியதுதான். சாதாரண சளி, இருமலுக்கு அது வேலை செய்யாது. மூக்குச்சளி பச்சையாக வந்தாலும் அப்படியே. ஆனால் மருத்துவர் சரியாகப் பார்த்து, தேவையான மருந்தையே எழுதித் தந்த பிறகும் பல வீடுகளில் அது சரியான அளவில் குழந்தையின் வயிற்றுக்குள் போவதில்லை. கடை மேசைக்கும் சமையலறைக் கரண்டிக்கும் நடுவே கோட்டை விடுகிறோம்.

முதலில் தண்ணீர். அமாக்சிசிலின், அதனுடன் கிளாவுலனிக் அமிலம் சேர்ந்த மருந்து, செஃபிக்சிம் ஆகியவை பெரும்பாலும் பாட்டிலில் பொடியாகவே வருகின்றன. திறப்பதற்கு முன் பாட்டிலைத் தட்டி, அடியில் கட்டியாக இருக்கும் பொடியை உதிர்க்க வேண்டும். காய்ச்சி முழுக்க ஆறிய தண்ணீரை (கூடவே சிறு குப்பியில் தண்ணீர் தந்திருந்தால் அதையே) பாட்டிலில் உள்ள கோட்டுக்குப் பாதியளவு ஊற்றிக் குலுக்க வேண்டும். நுரை பொங்கும். அந்த நுரையைப் பார்த்துவிட்டு, 'கோடு வந்துவிட்டது' என்று நிறுத்துவதுதான் வழக்கமான தவறு. நுரை அடங்கியதும் மட்டம் இறங்கும். அப்போது கோடு வரைக்கும் மீதியை ஊற்றி, மறுபடியும் குலுக்க வேண்டும்.

சிலர் கழுத்து வரை ஊற்றிவிடுகிறார்கள். 5 மி.லி.க்கு 250 மி.கி. என்ற 30 மி.லி. பாட்டிலில் இருப்பது மொத்தம் 1,500 மி.கி. மருந்து. அதில் 40 மி.லி. வரை கரைத்தால் 5 மி.லி.யில் 187.5 மி.கி.தான் கிடைக்கும். கால் பங்கு மருந்து ஒவ்வொரு வேளையும் குறைகிறது. குலுக்காமல் ஊற்றினால் வேறு கோளாறு: முதல் நாள் தெளிந்த தண்ணீர், கடைசி நாள் அடி மண்டி. ஒவ்வொரு வேளையும் குலுக்க வேண்டும். கரைத்த நிலையிலேயே வரும் அசித்ரோமைசின் போன்ற சிரப்புகளில் தண்ணீர் சேர்க்கவே கூடாது, குலுக்கினால் போதும்.

அடுத்தது பாட்டில் கணக்கு. நம் ஊரில் அதிகம் கிடைப்பது 30 மி.லி. பாட்டில். வேளைக்கு 5 மி.லி., தினம் இரண்டு வேளை என்றால் அது மூன்றே நாளில் தீர்ந்துவிடும். சீட்டில் ஐந்து நாள் என்று இருக்கும். மூன்றாம் நாள் பாட்டிலும் காலி, காய்ச்சலும் இறங்கிவிட்டது. 'மருந்து முடிந்தது' என்று வீட்டில் முடிவு கட்டிவிடுகிறார்கள். இதில் பெற்றோரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஐந்து நாளுக்கு 50 மி.லி., ஏழு நாளுக்கு 70 மி.லி. என்று கடையிலேயே கணக்குப் போட்டு இரண்டோ மூன்றோ பாட்டில் தந்திருக்க வேண்டும். எல்லாவற்றையும் ஒரே நாளில் கரைக்கவும் கூடாது. ஒன்று தீர்ந்த பிறகே அடுத்தது. எத்தனை நாள் என்பது நோயைப் பொறுத்தது. ஸ்ட்ரெப் கிருமியால் வரும் தொண்டைப் புண்ணுக்குப் பென்சிலின் வகையைப் பத்து நாள் தருவது, பின்னால் ருமாட்டிக் காய்ச்சல் வந்து இதய வால்வைப் பாதிக்காமல் இருப்பதற்காக. டைபாய்டில் சரியான மருந்து தொடங்கிய பிறகும் காய்ச்சல் இறங்க நான்கைந்து நாள் ஆகலாம். 'பவர் பத்தவில்லை' என்று இரண்டாம் நாளே வேறு மருத்துவர், வேறு ஆன்டிபயாடிக் என்று ஓடுவது வீண்.

மருந்துப் பெயரின் வாலில் திறனைக் காட்ட வரும் 'ஃபோர்ட்', 'டி.எஸ்.' போன்றவற்றையும் கவனியுங்கள். கிளாவுலனிக் சேர்ந்த சிரப் 228.5 என்றும் 457 என்றும் வருகிறது. 5 மி.லி.யில் அமாக்சிசிலின் 200 மி.கி.யும் கிளாவுலனிக் 28.5 மி.கி.யும் சேர்ந்தது 228.5; 400-உம் 57-உம் சேர்ந்தது 457. கடையில் ஒன்று இல்லாமல் மற்றதைக் கொடுத்துவிட்டு 'அதே 5 மி.லி.' என்று சொன்னால் மருந்து இரட்டிப்பாகும் அல்லது பாதியாகும். சொட்டு மருந்து இன்னும் அடர்த்தியானது. அதைச் சிரப்பின் அளவில் கொடுப்பது ஆபத்து. குழந்தையின் எடை, மருந்தின் திறன், மி.லி. அளவு மூன்றும் சீட்டில் இருக்க வேண்டும். 'ஒரு ஸ்பூன்' என்பது அளவே அல்ல. ஒரு வீட்டு ஸ்பூனில் பிடிப்பது இன்னொரு வீட்டு ஸ்பூனில் பிடிக்காது. ஊசி இல்லாத 5 மி.லி. சிரிஞ்சு சில ரூபாய்தான். குழந்தையை நிமிர்த்தி உட்கார வைத்து, கன்னத்தின் உள்பக்கமாகக் கொஞ்சம் கொஞ்சமாக விடலாம். மூக்கைப் பிடித்து அண்ணாந்து ஊற்றும் பழக்கத்தை விட்டுவிட வேண்டும். மருந்து மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். பாலாடையில் கொடுத்தால் ஓரத்தில் ஒட்டியதை இரண்டு சொட்டுத் தண்ணீரால் அலசி அதையும் கொடுக்க வேண்டும். பால் பாட்டிலில் கலக்கவே வேண்டாம். குழந்தை பாதிப் பாலை வைத்துவிட்டால் மருந்தும் பாதிதான்.

கொடுத்த அரை மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் அமாக்சிசிலினை அதே அளவு மறுபடி கொடுக்கலாம். அதற்குப் பிறகென்றால் வேண்டாம். ஒரு வேளை மறந்துபோனால் நினைவு வந்ததும் கொடுங்கள். அடுத்த வேளை நெருங்கிவிட்டால் விட்டுவிடுங்கள், இரண்டையும் சேர்த்துக் கொடுக்காதீர்கள். கிளாவுலனிக் சேர்ந்த மருந்தைச் சாப்பாட்டின் தொடக்கத்தில் கொடுத்தால் வயிறு அதிகம் படுத்தாது. வயிறு இளகினால் பலரும் 'மருந்து சூடு' என்று நிறுத்திவிடுகிறார்கள். ஓ.ஆர்.எஸ். கொடுத்துக்கொண்டு மருத்துவரைக் கேளுங்கள். மலத்தில் ரத்தம் கண்டால் காத்திருக்கக் கூடாது. உடம்பில் தடிப்பு வந்தால் அடுத்த வேளையைக் கொடுக்காமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும். உதடோ முகமோ வீங்கினால், மூச்சு இழுத்தால் உடனே 108.

கரைத்த கிளாவுலனிக் சிரப் ஃபிரிட்ஜில் ஏழு நாள்தான் தாங்கும். உறைபெட்டியில் வைக்கக் கூடாது. ஃபிரிட்ஜ் இல்லாத வீடென்றால் அதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்ல வேண்டும். தண்ணீரில் கரையும் மாத்திரை இருக்கிறது; அவ்வப்போது ஒரு வேளைக்கு மட்டும் கரைத்துக்கொள்ளலாம். மிச்சத்தைப் பத்திரப்படுத்தி அடுத்த மாதம் தம்பிக்குக் கொடுக்கும் சிக்கனம் மட்டும் வேண்டாம்.

செஃபிக்சிம் போன்ற மருந்துகள் 2014 மார்ச் முதல், மருத்துவர் சீட்டு இருந்தால் மட்டுமே விற்க வேண்டிய ஹெச்1 பட்டியலில் உள்ளன. விற்றால் மருத்துவர், நோயாளி பெயர்களைப் பதிவேட்டில் எழுதி மூன்று ஆண்டு வைத்திருக்க வேண்டும். மருந்தைப் பற்றி விளக்கிச் சொல்வதும் மருந்தாளுநரின் வேலை என்று 2015ஆம் ஆண்டு விதிமுறைகள் சொல்கின்றன. கூட்ட நேரத்தில் அது நடப்பதில்லை என்பது தெரிந்ததே. குறைந்தபட்சம் முதல் பாட்டிலைக் கடையிலேயே கரைத்து, கரைத்த தேதியை லேபிளில் எழுதலாம். சிரிஞ்சில் கொடுக்க வேண்டிய அளவுக்கு நேராகப் பேனாவால் ஒரு கோடும் போட்டுக் கொடுக்கலாம். இரண்டு நிமிட வேலை.

இப்படிக்கு,
ஒரு மருந்தாளுநர்,
தஞ்சாவூர்.