மார்ச் 4 என்ற திகதி

ஏப்ரல் 18

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். உள்ளூர் கவுன்சில் கடிதத்தின் வலது மூலையில் மார்ச் 4 என்று இருக்கிறது. நீ நடத்தும் மாலை வகுப்புக்கான மானியத்தை நிறுத்திவிட்டார்களாம். போன இரண்டு தவணைக்குத் தரவேண்டிய காசைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. கோடை விடுமுறையில் ஆறுதலாக இரண்டுக்கும் சேர்த்து வழக்குப் போடுகிறேன் என்கிறாய். அந்த "ஆறுதலாக"தான் என்னைத் தூங்கவிடவில்லை.

காசு விஷயம் சரி. கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம் இருக்கிறது, வேலையையும் முடித்துக் கொடுத்தாய். தரவேண்டியது கவுன்சில் என்றாலும் அது சாதாரண சிவில் வழக்குத்தான். இங்கிலாந்தில் அதற்கு 6 வருடம் உண்டு.

மானியம் அப்படியில்லை. உன்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல், தங்கள் விதியையே பார்க்காமல் முடிவெடுத்தார்கள் என்பதுதானே உன் முறைப்பாடு? அதற்கு வழி நீதித்துறை மீளாய்வு, அதாவது பொது அமைப்பு ஒன்று சட்டப்படி முடிவெடுத்ததா என்று நீதிமன்றம் பார்ப்பது. சுணங்காமல் போகவேண்டும், எப்படியும் 3 மாதத்தைத் தாண்டக்கூடாது. வழக்கை நடத்தவே முதலில் நீதிமன்றத்தின் அனுமதி வேண்டும். வென்றால் முடிவு ரத்தாகலாம், அவர்கள் திரும்ப யோசிக்க வேண்டிவரும். பிழையாக முடிவெடுத்தார்கள் என்பதற்காக மட்டும் நட்டஈடு கிடைக்காது. ஒழுங்காக யோசித்துவிட்டு அதே பதிலைச் சொல்லவும் கூடும், அதற்கும் மனதைத் தயார்ப்படுத்திக்கொள்.

சிவில் வழக்கிலேயே இதையும் கேட்டால் என்ன என்று நினைப்பாய். 1976 இல் ஹல் சிறையில் கலவரம் நடந்தது. அதன்பிறகு தண்டனைக் குறைப்பை இழந்த கைதிகள், விசாரணை நியாயமாக நடக்கவில்லை என்று சாதாரண வழக்குத்தான் போட்டார்கள். 1982 இல், அப்போது நாட்டின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை அதைத் தள்ளிவிட்டது. அனுமதியையும் கால எல்லையையும் சுற்றிப்போவது நீதிமன்ற நடைமுறையைத் துர்ப்பிரயோகம் செய்வது என்றார் அதன் நீதிபதி டிப்ளொக் பிரபு. கைதிகள் சொன்னது உண்மையா என்று பார்க்காமலே முடிந்துபோனது. எனக்கு இன்றைக்கும் அது மனதுக்கு ஒப்பவில்லை. பிறகு இறுக்கம் கொஞ்சம் தளர்ந்தது: 1992 இல், தன் கொடுப்பனவைக் குறைத்த பொதுக் குழுவின் மேல் ஒரு மருத்துவர் சாதாரண வழக்கே போடலாம் என்று அதே சபை சொன்னது. அதனால் உன் தவணைக் காசுக்குப் பயமில்லை. மானியத்துக்குத்தான் பயம்.

அப்பா போய்வந்த பகல் பராமரிப்பு நிலையத்தை மூடியபோது நான் முறைப்பாட்டுக் கடிதம் கடிதமாக எழுதினேன். "பரிசீலனையில் உள்ளது" என்று வந்த ஒவ்வொரு பதிலையும் நீலக் கோவையில் அடுக்கி வைத்தேன். அவர்கள் பரிசீலிக்கும்வரை நாள் நகராது என்று நம்பியிருந்தேன். ஐந்தாம் மாதம் சொலிசிட்டரிடம் போனேன். அவர் அடியில் கிடந்த முதல் கடிதத்தின் திகதியைப் பார்த்துவிட்டுக் கோவையை மெதுவாக மூடினார்.

உனக்கு யூன் தொடக்கத்தில் கதவு மூடிவிடும். திங்கட்கிழமையே பொதுச்சட்டம், அதாவது இப்படிப் பொது அமைப்புகளின் முடிவுகளை எதிர்க்கும் வழக்குகள், பார்க்கும் சொலிசிட்டர் ஒருவரைப் பிடி. வழக்குக்கு முன் அனுப்பும் கடிதத்துக்குப் பதில் தர கவுன்சிலுக்கு வழமையாக 14 நாள் கொடுப்பார்கள், அதையும் கணக்கில் எடு. ஒப்பந்தத்தை வேறு கோவையில் வை. கடித உறையை எறிந்துவிடாதே.

அம்மா