டபுள் மார்க்கர் கட்டுரைக்கு ஒரு திருத்தம் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற இதழின் கர்ப்பகால நலப் பக்கத்தில், 'வயிற்றில் இருக்கும் குழந்தைக்கு டவுன் சிண்ட்ரோம் உண்டா இல்லையா என்பதை மூன்றாம் மாத ரத்தப் பரிசோதனையே சொல்லிவிடும்' என்று போட்டிருக்கிறீர்கள். சொல்லாது. உங்களுக்குத் தெரியாததா இது?

டபுள் மார்க்கர் என்ற அந்த ரத்தப் பரிசோதனையில் பார்ப்பது பாப்-ஏ, ஃப்ரீ பீட்டா எச்சிஜி என்ற இரண்டே பொருள்களின் அளவு, இரண்டும் நஞ்சுக்கொடியிலிருந்து தாயின் ரத்தத்துக்கு வருபவை. டவுன் சிண்ட்ரோம், அதாவது ஒரு குரோமோசோம் கூடுதலாக இருக்கும் பிறவி நிலை, உள்ள கர்ப்பத்தில் முதலாவது குறைந்தும் இரண்டாவது கூடியும் இருப்பது வழக்கம். வழக்கம், அவ்வளவுதான். அதோடு தாயின் வயதையும், என்டி ஸ்கேனில் பிள்ளையின் பிடரியில் தெரியும் நீரின் அளவையும் சேர்த்துக் கணக்குப் போட்டு, 250-ல் 1, 1,000-ல் 1 என்று ஒரு வாய்ப்பைச் சொல்வார்கள். எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்தாலும் டவுன் கர்ப்பங்கள் பத்தில் ஒன்றிரண்டு தப்பிவிடும், எந்தப் பிரச்சினையும் இல்லாதவர்களிலும் 20 பேரில் ஒருவருக்கு 'ஹை ரிஸ்க்' என்று வரும்.

அப்படி வந்தவர்களில் நானும் ஒருத்தி. 180-ல் 1 என்று சிவப்பு எழுத்தில். கவுன்டரில் கேட்டால் 'டாக்டரைப் பாருங்க', டாக்டரோ அடுத்த வாரம்தான் வருவார். அப்புறம் பார்த்தால், கர்ப்ப வாரத்தை ஸ்கேன் அளவை வைத்துப் போடாமல், ஒழுங்காகவே வராத என் மாதவிலக்குத் தேதியை வைத்துக் கூட்டிப் போட்டிருக்கிறார்கள். அந்த வாரங்களில் பாப்-ஏ ஏறிக்கொண்டே போகும், பீட்டா எச்சிஜி இறங்கிக்கொண்டே வரும், அதனால் வாரம் கூடிப்போனால் நல்ல கர்ப்பமும் சந்தேகத்துக்குரியதாகத் தெரியும். எடை எழுதும் கட்டம் வேறு காலி. எடையும் கணக்கில் சேரவேண்டிய ஒன்றுதானே! திருத்திப் போட்டதும் ரிஸ்க் இறங்கிவிட்டது, ஆனால் அதற்குள் வீட்டில் என் சாப்பாட்டிலிருந்து என் பரம்பரை வரை விசாரணை நடந்து முடிந்திருந்தது. இது பெரும்பாலும் பரம்பரையாக வருவதே இல்லை என்று ஒரு வரி உங்கள் பக்கத்தில் இருந்திருந்தால் அதை நீட்டிக் காட்டியிருப்பேன்.

இதற்கு முன்பும் ஒருமுறை, '35 வயதைத் தாண்டியவர்கள்தான் கவலைப்பட வேண்டும்' என்று எழுதினீர்கள். வயதோடு வாய்ப்பு ஏறுவது உண்மைதான், ஆனால் பிள்ளை பெறுபவர்களில் இளையவர்களே அதிகம் என்பதால் டவுன் குழந்தைகளில் பெரும்பகுதி 35-க்குக் கீழ் உள்ள தாய்மார்களுக்குத்தான் பிறக்கிறது என்று அப்போதே கடிதம் போட்டேன். வெளியாகவில்லை. இடம் இருந்திருக்காது, அழகுக் குறிப்புக்கே இரண்டு பக்கம் வேண்டுமே. இந்த முறை பக்கத்துப் பெட்டியில் என்ஐபிடி என்ற டிஎன்ஏ ரத்தப் பரிசோதனை '99 சதவீதம் துல்லியம்' என்று இன்னொரு தீர்ப்பு. அதில் டவுன் கர்ப்பங்கள் மிக அரிதாகத்தான் தப்பும், சரி. ஆனால் அதில் பார்க்கும் டிஎன்ஏவும் நஞ்சுக்கொடியிலிருந்து வருவதுதான், பாசிட்டிவ் என்றால் அதையும் உறுதி செய்தாக வேண்டும் என்பதை யார் எழுதுவது? போதாததற்கு, தலையில் கைவைத்து அழும் பெண்ணின் படம். டவுன் சிண்ட்ரோம் உள்ள பிள்ளையை வளர்ப்பவர்களும் உங்கள் வாசகர்கள்தான் ஐயா.

நான் கேட்பது சில வரிகள்தான். இந்தப் பரிசோதனை வாய்ப்பை மட்டுமே சொல்லும், ஹை ரிஸ்க் வந்தால் நஞ்சுக்கொடித் திசுவையோ பனிக்குட நீரையோ எடுத்துப் பார்த்த பிறகே உறுதியாகும், ரிப்போர்ட்டில் வாரமும் எடையும் சரியாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இதை அடுத்த இதழில் அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில் போடுங்கள்.

இப்படிக்கு,
இன்னும் சந்தாவை நிறுத்தாத ஒரு வாசகி