டிரைவரிடம் சொன்ன பொய்

அன்புள்ள கண்ணுக்கு,

அம்மாவும் நானும் நலம். போனில் பேசினால் 'சரிப்பா, சரிப்பா' என்று நீ முடித்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

போன வாரம் நீ அனுப்பிய வீடியோவைப் பார்த்தேன். உன் ஆபீசில் வேலை செய்யும் ஆப்கன் பெண், அடுப்படியில் பாத்திரம் கழுவிக்கொண்டே பாடுகிறாள். பாட்டு முடிந்ததும், ஊரில் இருக்கும் அவள் அக்கா இதைப் பாடினால் குற்றம் என்று நீ கீழே எழுதியிருந்தாய். ஆமாம். 2021 ஆகஸ்டில் தாலிபான்கள் திரும்பி வந்தார்கள். 2024 ஆகஸ்டில் பெண்ணின் குரலே வெளியில் கேட்கக் கூடாது என்று சட்டம் போட்டார்கள். அப்போது எத்தனையோ பெண்கள் முகத்தை மூடிக்கொண்டு பாடி வீடியோ போட்டார்கள். அதையெல்லாம் அப்போதே பார்த்தேன். உன்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல ஆரம்பித்தால் 2008-க்குப் போக வேண்டியிருக்கும் என்பதுதான் காரணம்.

அந்தக் குளிர்காலம் நான் காபூலில் இருந்தேன். புல்-இ-கும்ரியிலிருந்து காபூலுக்கு 220 கேவி மின்சார லைன் இழுக்கும் வேலை. வழியில் இருக்கும் சலாங் கணவாயில் பனி விழுந்தால் கம்பி இழுப்பது நின்றுவிடும், கீழே வந்துவிடுவோம். ஜனவரியில் செரினா ஹோட்டலில் தாக்குதல் நடந்த பிறகு கெஸ்ட் ஹவுஸ் கேட்டைத் தாண்ட விடவில்லை. ஜெனரேட்டர் ஓடும் மூன்று நான்கு மணி நேரம் டிவிதான் கதி. டோலோ டிவி என்ற அந்த ஊர் சேனல். முதலில் நம் ஊர் மாமியார் மருமகள் சீரியல், அவர்களுடைய தாரி மொழியில். நடிகையின் தோள் தெரியும் இடத்தில் கட்டம் கட்டமாக மறைத்திருப்பார்கள். "இஞ்சினியர் ஸாஹிப், உங்கள் ஊரில் எல்லா மாமியாரும் இப்படியா?" என்று டிரைவர் நிஜமாகவே கவலையோடு கேட்பார். (அங்கே கம்பி இழுக்க வந்த எல்லோரும் இஞ்சினியர் ஸாஹிப்தான்.)

அதற்குப் பிறகு 'ஆப்கன் ஸ்டார்'. பாட்டுப் போட்டி. 2005-இல் ஆரம்பித்தது, நான் பார்த்தது மூன்றாவது சீசன். சுமார் 2,000 பேர் பாட வந்ததில் பெண்கள் மூன்றே பேர் என்று சொன்னார்கள். நம் சேனல்களில் வருவது மாதிரிதான், செட்டு மட்டும் கொஞ்சம் ஏழை. ஆனால் பார்க்கிறவர்கள் வேறு. என்னோடு பார்த்த மூன்று பேரும் மூன்று இனம். எங்கள் டிரைவர் பஞ்ச்ஷீர்க்காரர், தாஜிக். சமையல்காரர் ஹசாரா. கேட்டில் நின்ற காவலாளி பஷ்தூன். 1992-க்குப் பிறகு நடந்த சண்டையில் டிரைவரின் ஆட்களும் சமையல்காரரின் ஆட்களும் அதே காபூலில் எதிரெதிரே நின்று ராக்கெட் விட்டவர்கள். அப்புறம் தாலிபான் வந்து எல்லோருக்கும் சேர்த்துப் பாட்டை நிறுத்தினார்கள். செக்போஸ்ட் கம்பங்களில் கேசட் நாடாவை உருவிக் கட்டியிருப்பார்களாம், காற்றில் கறுப்பாகப் பறக்குமாம். டிரைவர் தன்னிடம் இருந்த, அந்த ஊர்ப் பாடகர் அகமது ஜாஹிரின் கேசட்டுகளை எல்லாம் மாவு டின்னில் போட்டுத் தோட்டத்தில் புதைத்து, தாலிபான் விழுந்த 2001-இல் தோண்டி எடுத்தாராம். இரண்டுதான் பாடியதாம்.

இப்போது அந்த மூன்று பேரும் என் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரே கம்பளத்தில் உட்கார்ந்து ஓட்டுப் போட்டார்கள். டிரைவர் மசார்-இ-ஷரீஃபிலிருந்து வந்த ரஃபிக்கு. சமையல்காரர் ஹமீதுக்கு, ஹசாரா பையன். காவலாளி வாயே திறக்க மாட்டார், ஆனால் கந்தஹாரிலிருந்து லீமா என்ற பெண் பாட வந்தால் துப்பாக்கியைச் சுவரில் சாய்த்துவிட்டு உள்ளே வந்து நிற்பார். எல்லாம் எஸ்எம்எஸ் ஓட்டு. சமையல்காரர் சம்பளத்தில் சிம் கார்டாக வாங்கி அடுக்கினார். அவனவன் தன் இனத்துக்குத்தான் போட்டான், அதை மறைத்துப் பேச எனக்கு விருப்பமில்லை. ஆனால் மார்ச்சில் ரஃபி ஜெயித்து ஹமீது இரண்டாவதாக வந்தபோது, சமையல்காரர் செய்த பழிவாங்கல் என்ன தெரியுமா? இரண்டு நாள் டிரைவர் தட்டில் வெறும் சோறு, கறித்துண்டு கிடையாது. மூன்றாம் நாள் டிரைவர் ரொட்டி வாங்கி வந்து கொடுத்தார், சமையல்காரர் கறி வைத்தார். அந்த இறுதிப் போட்டியை நாடு முழுக்க 1 கோடியே 10 லட்சம் பேர் பார்த்ததாகச் சொன்னார்கள்.

நான் சொல்ல வந்தது அதற்கு முந்திய ஒரு ராத்திரி. ஹெராத்திலிருந்து வந்த செதாரா என்ற பெண் போட்டியிலிருந்து வெளியேறினாள். கடைசியாக ஒரு பாட்டு பாட விடுவார்கள் இல்லையா, அந்தப் பாட்டில் அவள் ஆடினாள். ஆட்டம் என்றால் நம் ஊர் கும்மிக்குக்கூடக் காணாது. இரண்டு கையையும் விரித்து மெல்லச் சுற்றினாள், தலையில் இருந்த துணி நழுவித் தோளில் விழுந்தது. அவள் அதை எடுத்துப் போடவில்லை.

அறையில் சத்தமே இல்லை. காவலாளி வெளியே போய்விட்டார். சமையல்காரர் உச்சுக் கொட்டினார். கேசட்டைப் புதைத்துக் காப்பாற்றிய டிரைவருக்கே முகம் சிவந்துவிட்டது. "இது பாட்டு இல்லை ஸாஹிப், இது வேறு" என்றார். ஹெராத்தில் அவளைக் கொல்ல வேண்டும் என்று பேசினார்கள், அவள் ஊருக்குத் திரும்ப முடியாமல் ஒளிந்திருந்தாள்.

எனக்குக் கோபம் வந்தது. எனக்குத் தெரிந்த அரைகுறை ஹிந்தியில், அந்தப் பெண் என்ன தப்பு செய்தாள் என்று கேட்டேன். டிரைவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "உங்களுக்கு மகள் உண்டா?" என்றார். உண்டு, பாடுவாள் என்றேன். "டிவியில் இப்படி நிற்க விடுவீர்களா?"

"தாராளமாக" என்றேன்.

நாங்கள் இழுத்த கம்பியில் 2009 ஜனவரியில் உஸ்பெகிஸ்தான் கரண்ட் காபூலுக்கு வந்தது. நான் ஊருக்கு வந்தேன். அந்த வருஷம்தான் சென்னையில் அந்தப் பாட்டு நிகழ்ச்சிக்கு ஆடிஷன் என்று நீ ஃபாரம் வாங்கி வந்தாய். பிளஸ் ஒன். படிப்பு கெட்டுவிடும் என்று சொன்னேன். இதுதான் இரண்டாவது பொய். பெரியப்பா டீக்கடையில் வைத்து, "வயசுப் புள்ளைய மேடையில ஆடிப்பாட உடறதா?" என்று கேட்டிருந்தார். நாலு பேர் இருந்தார்கள். இதே டீக்கடையில்தான் செதாராவின் கதையை நான் வாய் ஓயாமல் சொல்லிப் பெருமை அடித்திருந்தேன். நீ ஃபாரத்தை நாலாக மடித்து பிசிக்ஸ் புத்தகத்தில் வைத்தது எனக்குத் தெரியும். நீ அழவில்லை. அதன் பிறகு வீட்டில் பாடவும் இல்லை.

அப்புறம் அங்கே நடந்ததெல்லாம் நான் தூரத்திலிருந்து பார்த்ததுதான். 2016-இல் டோலோ ஊழியர்கள் போன வேனைக் குண்டு வைத்துத் தாக்கி ஏழு பேரைக் கொன்றார்கள். அப்படியும் நிகழ்ச்சி நிற்கவில்லை. 2019-இல் ஜாரா இல்ஹாம் ஜெயித்தாள், முதல் முறையாக ஒரு பெண், அதுவும் ஹசாரா. சமையல்காரர் எத்தனை சிம் வாங்கினாரோ என்று அன்றைக்குச் சிரித்துக்கொண்டேன். இரண்டே வருஷம். இப்போது அங்கே போட்டியும் இல்லை, பாட்டும் இல்லை.

டிரைவரின் நம்பர் என் பழைய டைரியில் இருக்கிறது. 2021-க்குப் பிறகு கூப்பிட்டுப் பார்க்கவில்லை. வெளிநாட்டுக்காரனுடன் பேசினால் அவருக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயம் ஒரு பக்கம். உங்கள் மகள் டிவியில் பாடினாளா என்று கேட்டுவிடுவாரோ என்பது இன்னொரு பக்கம்.

நேற்று அம்மா பரணிலிருந்து உன் சுருதிப்பெட்டியை இறக்கினாள். துருத்தியில் எலி கடித்து ஓட்டை. ஈரோட்டில் ஒருவர் தோல் மாற்றித் தருவாராம், காற்றுச் சத்தம் மட்டும் கொஞ்சம் இருக்கும் என்கிறார். ஹாம்பர்க்குக்குப் பார்சல் போட்டால் பெட்டியை விடக் கூலி அதிகம். உனக்கு வேண்டாம் என்றாலும், பாத்திரம் கழுவிக்கொண்டு பாடுகிறாளே, அந்தப் பெண்ணுக்கு ஆகுமா என்று கேட்டு எழுது. கேட்ட பிறகு ஈரோட்டுக்கு எடுத்துப் போகிறேன்.

அன்புடன்,
அப்பா