சேவியருக்கு, லெஸ் பாலின் நிக்கல் பற்றி

கோயம்புத்தூர்

அன்புள்ள சேவியர்,

கடிதமும் படங்களும் வந்து சேர்ந்தன. அம்மா மூட்டுவலி குறைந்து, காலைப் பூசைக்கு நடந்தே போய் வருகிறார்கள் என்று படித்ததும் மனசு நிறைந்துவிட்டது. இங்கே எல்லோரும் சுகம். மீனாவுக்கு வேலை கிடைத்துவிட்டது, உள்ளூரிலேயே. ஓய்வு பெற்ற பிறகு எனக்கு இந்தத் தெருப் பிள்ளைகளின் கிடார்களைப் பழுது பார்ப்பதில்தான் பொழுது போகிறது. காசு வாங்குவதில்லை. கையில் ஒரு வேலை இருப்பதே பெரிய நிம்மதி.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். மச்சான் அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த லெஸ் பாலில், அதாவது கிப்ஸன் கம்பெனியின் மின் கிடாரில், பிக்கப் (கம்பி அதிர்வை மின்சாரமாக மாற்றும் காந்தச் சுருள்) மூடிகள் ஒரே வருஷத்தில் மங்கிவிட்டன, இது அசல் கிப்ஸன்தானா என்று கேட்டிருக்கிறாய். படத்தில் பார்த்தவரை சந்தேகப்பட ஒன்றும் இல்லை. உன்னுடையது 'ஸ்டாண்டர்ட் ஃபிஃப்டீஸ்' மாடல். 1950களின் லெஸ் பால் போலவே இருக்க வேண்டும் என்று உலோகப் பாகங்களுக்கெல்லாம் நிக்கல் முலாம் பூசியிருப்பார்கள். 1960களின் நடுவில்தான் கிப்ஸன் குரோம் முலாமுக்கு மாறியது. குரோம் தன்மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு படலத்தை உண்டாக்கிக்கொண்டு அப்படியே பளபளவென்று நிற்கும், கொஞ்சம் நீலம் ஓடும். நிக்கலில் லேசான மஞ்சள் இருக்கும், அதில் ஒரு வெதுவெதுப்பு தெரியும். ஆனால் ஈரமும் காற்றில் இருக்கும் கந்தகமும் பட்டால் அது மங்கத்தான் செய்யும். நீயோ உப்பளக் காற்றுக்கு நடுவில் குடியிருக்கிறாய். ஞாயிறு தோறும் பாடகர் குழுவில் வியர்க்க வியர்க்க வாசிக்கிறாய். நிக்கல் வேறு என்ன செய்யும்?

அந்த மங்கலை நோய் என்று நினைக்காதே. நான் சொல்வதைக் கேட்டால், பிக்கப் மூடிகளின் மங்கலை அப்படியே விட்டுவிடு. எனக்கு அது பிடிக்கவும் பிடிக்கும். வாசிக்கப்பட்ட கிடார் என்று பார்த்ததும் தெரிகிறது. எனக்குக் கவலை வேறு இடத்தில். கம்பிகளைத் தாங்கி நிற்கும் பிரிட்ஜின் தடித்த கம்பிப் பக்கம், நீ உள்ளங்கையை வைத்து ஒலியை அமுக்கும் இடத்தில், பச்சையாக ஏதோ படிந்திருக்கிறதே, அது களிம்பு. வியர்வையின் உப்பு முலாமில் உள்ள நுண்ணிய துளைகள் வழியாக அடியில் இருக்கும் செம்புப் படிவம் வரை இறங்கிவிட்டது என்று அர்த்தம். அதற்கும் கீழே பிரிட்ஜின் உடம்பு துத்தநாகக் கலவை. அதுவும் அரிக்க ஆரம்பித்தால் வெள்ளைப் பொடியாக வரும், பிறகு முலாம் கொப்பளித்து உரியும். ஆகவே பிரிட்ஜை இந்த வாரமே பார்.

அம்மா புளி போட்டுத் தேய்க்கச் சொன்னார்கள் என்று எழுதியிருந்தாய். வேண்டவே வேண்டாம். குத்துவிளக்கு உள்ளும் புறமும் பித்தளை. புளியின் அமிலம் மேல் தோலைக் கொஞ்சம் கரைத்தாலும் கீழே பித்தளைதான் இருக்கும். உன் பிரிட்ஜில் நிக்கல் இருப்பதே சில மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரான்) கனம்தான். எலுமிச்சை, வினிகர், பல்பொடி, பித்தளைக்குப் போடும் பவுடர் எதுவும் கிட்டே வரக்கூடாது. எஃகு நார் இன்னும் மோசம். கீறுவதோடு நிற்காது, உதிரும் துகள்களைப் பிக்கப்பின் காந்தம் இழுத்து வைத்துக்கொள்ளும். முலாம் தேய்ந்து செம்பு தெரிந்துவிட்டால் எந்தப் பாலிஷும் அதைத் திரும்பக் கொண்டுவராது. மறுபடி முலாம் பூசத்தான் வேண்டும்.

கழற்றுவதற்கு முன் பிரிட்ஜை மேலிருந்தும் பக்கத்திலிருந்தும் படம் எடுத்து வை. கம்பிகளை ஒவ்வொன்றாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்து. இழுவை போனதும் பிரிட்ஜ், கம்பிகளின் நுனி மாட்டியிருக்கும் டெயில்பீஸ் இரண்டும் கையோடு வந்துவிடும், கவனம். விழுந்தால் மேல் பூச்சு பெயர்ந்துவிடும். அதனால் அடியில் ஒரு துண்டை விரித்துக்கொள். பிரிட்ஜ் உட்காரும் சக்கரங்களைத் திருகாதே, கம்பியின் உயரம் மாறிவிடும். கம்பிகள் படியும் குட்டித் தாங்கிகளை நகர்த்தும் திருகுகளையும் தொடாதே, சுதி விலகும்.

வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் விட்டு, பிரிட்ஜைக் கொஞ்ச நேரம் ஊறவிட்டு, மென்மையான பல் துலக்கும் பிரஷால் இடுக்குகளைத் தேய். பச்சையில் பெரும்பகுதி இதிலேயே போய்விடும். நல்ல தண்ணீரில் அலசி, துடைத்து, மின்விசிறிக் காற்றில் முழுக்கக் காயவிடு; குட்டித் திருகுகள் எஃகாக இருந்தால், ஈரம் நின்றால் துருப்பிடிக்கும். பிறகும் பிசுபிசுப்பு இருந்தால் லைட்டர் திரவத்தைத் துணியில் நனைத்துத் துடை, அடுப்பு இல்லாத இடத்தில், சன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு. அப்படியும் போகாத பச்சைக்கு மட்டும் மென்மையான உலோகப் பாலிஷ், பொட்டு அளவு, அந்த இடத்தில் மட்டும். போகவில்லை என்றால் விட்டுவிடு. களிம்பின் கடைசிப் புள்ளிக்காக நிக்கலை இழக்காதே.

பிக்கப் மூடிகளுக்குத் தண்ணீர் ஆகாது. உள்ளே சுற்றியிருக்கும் செம்புக் கம்பி தலைமுடி அளவுதான். ஈரம் இறங்கி அது அரித்து அறுந்தால் பிக்கப் ஊமையாகிவிடும். உலர்ந்த துணி, கறை இருந்தால் லேசாக வாயால் ஊதி ஆவி படிய வைத்துத் துடைப்பது, அவ்வளவு போதும்.

எல்லாம் சுத்தமான பிறகு கார்களுக்குப் போடும் கார்னூபா மெழுகை மெல்லியதாகத் தடவி, காய்ந்ததும் துடைத்துவிடு. தேய்க்கும் பொடி கலக்காத மெழுகா என்று டப்பாவைப் படித்துப் பார்த்து வாங்கு. வியர்வைக்கும் நிக்கலுக்கும் நடுவில் அது ஒரு திரை. சில மாதங்களுக்கு ஒருமுறை மறுபடி போட வேண்டியிருக்கும். ஆனால் சேவியர், மெழுகைவிடப் பெரிய காவல் உன் பழைய வேட்டித் துணிதான். வாசிக்கும் முன் கை கழுவு. வாசித்து முடித்ததும், பூசை கலைந்து எல்லோரும் பேசிக்கொண்டிருக்கும்போதே, பிரிட்ஜையும் கம்பிகளையும் துடைத்துவிட்டுப் பெட்டியில் வை. வியர்வை காய்ந்து உப்பாகும் வரை காத்திருக்காதே. இதை விடாமல் செய்தால் பாலிஷ் டப்பாவைத் திறக்கவே வேண்டியிருக்காது.

பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பைகள் போடு; நிறம் மாறும் வகை கிடைத்தால் நல்லது, எப்போது காயவைக்க வேண்டும் என்று அதுவே காட்டிவிடும். கற்பூரம் மட்டும் போடாதே. நம் ஊரில் வேலைக் கருவிகள் வைக்கும் பெட்டிக்குள் போடுவார்கள், தெரியும். உன் கிடாரின் மேல் பூச்சு நைட்ரோசெல்லுலோஸ். அதை இளக வைத்துச் செல்லுலாய்டு செய்வதற்குக் கலப்பதே கற்பூரத்தைத்தான். ரப்பர் பட்டை, ரப்பர் வைத்த ஸ்டாண்ட் இவற்றையும் தள்ளி வை. ரப்பரில் இருக்கும் கந்தகம் நிக்கலுக்கு ஆகாது, பூச்சையும் கறைப்படுத்தும்.

பனிமய மாதா திருவிழாவுக்கு நானும் வசந்தாவும் வருவதாக இருக்கிறோம். என்னிடம் இருக்கும் மெழுகில் பாதி உனக்குக் கொண்டு வருகிறேன், நீ தேடி அலைய வேண்டாம். அதற்குள் பிரிட்ஜைக் கழுவி, அடிப்பக்கம் தெரிய ஒரு படம் எடுத்து அனுப்பு. முலாம் கொப்பளித்திருந்தால் வேறு பிரிட்ஜ் இங்கிருந்தே பார்த்து வாங்கி வருகிறேன். தங்கச்சியையும் பிள்ளைகளையும் கேட்டதாகச் சொல்.

உன்
ராமு