அந்தப் பையனை விட்டுவிடுங்கள், அண்ணே

அண்ணே,

ஜூன் 6 வந்தால், 1944இல் அதே நாளில் நேசநாட்டுப் படைகள் பிரான்சின் ஒமாஹா கடற்கரையில் இறங்கியதைப் போர்ப் புகைப்படக்காரர் ராபர்ட் காபா எடுத்த படங்களைப் பற்றிப் பேச உங்களைத்தான் கூப்பிடுகிறார்கள். இந்த வருஷமும் ஃபிலிம் கழுவும் லண்டன் டார்க்ரூம் பையனை இழுத்துவிட்டீர்கள். உலர்த்தும் அலமாரியில் சூட்டை ஏற்றிக் கதவைச் சாத்தினானாம், காபாவின் மூன்று ஃபிலிம் ரோல் உருகியதாம்.

பலர் படிக்கிற இடம், அதனால் உங்கள் பெயரைப் போடவில்லை. இங்கே எழுதுவதற்கு மன்னியுங்கள். தனியாகச் சொன்னால் சிரித்து மழுப்பிவிடுவீர்கள் என்பதும் தெரியும்.

மே மாத மதியம் நினைவிருக்கிறதா? டெவலப்பர் டேங்கை ஐஸ் தண்ணீரில் நிறுத்தி 20 டிகிரிக்கு இறக்கினீர்கள். கழுவின தண்ணீரோ மொட்டைமாடித் தொட்டியில் வெந்து வந்தது. ஃபிலிமைத் தூக்கிப் பிடித்தபோது ஓரத்தில் ஜெலட்டின் பாலாடைபோல் சுருண்டு கழன்றது. நீங்கள் திட்டவில்லை. "ஈரத்துலதான் இதுக்குப் பயம். காஞ்சா கல்லு" என்றீர்கள். அன்றிலிருந்து, ஜெலட்டின் இறுக, படத்தை நிலைநிறுத்தும் ஃபிக்ஸர் கரைசலில் படிகாரம்.

அந்தக் கையை இன்றும் கும்பிடுவேன். அதே வாய் எப்படி அலமாரிக் கதையைச் சொல்கிறது? வெந்நீரில் ஊறினால் எமல்ஷன், அதாவது படம் பதியும் அந்த ஜெலட்டின் பூச்சு, கழலும். வெதுவெதுப்பான காற்றில் தொங்கும் ஃபிலிமில் ஈரம் ஆவியாகும், ஜெலட்டின் இறுகும். மிஞ்சினால் ஃபிலிம் சுருளும், தூசி ஒட்டும்.

காபாவின் மிஞ்சிய ஃபிலிமில் ஓரத்துத் துளை வரை படம் ஏறியிருப்பதை 'எமல்ஷன் வழுக்கியது' என்று காட்டுகிறீர்கள். வழுக்கினால் படம் நெளியும், ஓரத்து எழுத்தும் கூடவே நகரும். இரண்டும் நடக்கவில்லை. காபாவின் கான்டாக்ஸ் கேமராவில் கோடக் கேசட் (ஃபிலிம் சுருள் வரும் டப்பா) சரியாக உட்காராமல் ஃபிலிம் தள்ளி ஓடியதுதான் காரணம். புகைப்பட விமர்சகர் ஏ. டி. கோல்மன் 2014இல் தொடங்கிய விசாரணை இதைக் காட்டியது. அலமாரிக் கதையைப் பல்லாண்டு சொல்லிவந்தவர், அன்று லைஃப் பத்திரிகையின் லண்டன் பட ஆசிரியராக இருந்த ஜான் மோரிஸே, அந்த மூன்று ரோல்களில் முதலிலேயே ஒன்றும் இல்லாமல் இருந்திருக்கலாம் என்று அதே வருஷம் ஒப்புக்கொண்டார்.

காபா கரையில் நின்றதே பெரிது, அண்ணே. மிஞ்சிய அந்தப் படங்கள் குறைச்சலா? அதைப் பெரிதாக்க ஒரு எடுபிடிப் பையன் தலையில் பழி போடணுமா? எங்களுக்கு அப்படிச் சொல்லித்தரவில்லையே நீங்கள்!

அடுத்த கூட்டத்துக்கு ஒரு கான்டாக்ஸ் கேமராவுக்கு ஏற்பாடு செய்கிறேன். கோடக் கேசட்டை நீங்களே போட்டு, நீங்களே கழுவிக் காட்டுங்கள்.