சளி டப்பாவில் எச்சில்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மார்ச் 24, உலகக் காசநோய் நாள் வந்தால், 'இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் சளிப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்' என்று எல்லாப் பத்திரிகைகளும் எழுதுகின்றன. அந்தச் சளியை எப்படி எடுப்பது என்பதை மட்டும் யாரும் எழுதுவதில்லை.

ஆய்வகத்துக்கு வரும் டப்பாக்களில் நுரைத்த எச்சில் இருப்பது சாதாரணம். நெஞ்சுச் சளி கெட்டியாக, கொழகொழவென்று, மஞ்சளாகவோ ரத்தக் கீற்றோடோ இருக்கும். எச்சில் தண்ணீர் மாதிரி ஓடும். அதில் கிருமி சிக்குவது அரிது. நுண்ணோக்கியில் தெரிய ஒரு மில்லிலிட்டரில் ஐயாயிரம், பத்தாயிரம் கிருமியாவது வேண்டும். கிருமியின் மரபணுவைத் தேடும் ட்ரூநாட், சிபிநாட் கருவிகளுக்கு அதைவிட மிகக் குறைவாக இருந்தாலே போதும். ஆனால் டப்பாவில் சளியே இல்லையென்றால் கருவி என்ன செய்யும்? நோய் இருந்தும் 'இல்லை' என்று சீட்டு வரும்.

இரண்டு டப்பா கொடுக்க வேண்டும். முதல் டப்பாவுக்குச் சுகாதார நிலையத்திலேயே சளி கேட்பார்கள். இரண்டாவது, மறுநாள் காலை எழுந்ததும் எடுப்பது. இரவெல்லாம் சேர்ந்த சளி என்பதால் அதுதான் முக்கியம். சாப்பிடும் முன் வெறும் தண்ணீரில் வாயைக் கொப்பளியுங்கள். இரண்டு மூன்று முறை மூச்சை ஆழமாக இழுத்து, சற்று நிறுத்தி, அடிவயிற்றிலிருந்து இருமுங்கள். தொண்டையைக் காறுவது போதாது. 2 முதல் 5 மி.லி. வரை வேண்டும். மொட்டை மாடியோ கொல்லைப்புறமோ நல்லது. கிருமி காற்றில் பறப்பதே அந்த இருமலில்தான், குளியலறைக்குள் நின்று செய்யாதீர்கள். மூடியை இறுகத் திருகி அன்றே கொடுத்துவிடுங்கள். பெயரை மூடியில் எழுதக் கூடாது, டப்பாவின் மேல்தான் எழுத வேண்டும். மூடி மாறினால் ஆளும் மாறிவிடுவார்!

இன்னொரு சிக்கல், மருந்துக்கடையில் சீட்டில்லாமல் வாங்கும் இருமல் மாத்திரை. அப்படிக் கொடுக்கப்படும் லீவோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக், காசநோய்க் கிருமியையும் ஓரளவு அடக்கும். சில நாள் இருமல் தணியும், சளியிலும் கிருமி தெரியாது, பிறகு நோய் திரும்பும். அதைச் சாப்பிட்டிருந்தால் டப்பாவைக் கொடுக்கும்போதே சொல்லிவிட வேண்டும்.

வீட்டில் தட்டையும் டம்ளரையும் ஒதுக்கி வைப்பதில் காட்டும் கவனத்தை ஜன்னலைத் திறந்து வைப்பதில் காட்டலாம். பாத்திரத்தால் இந்நோய் பரவாது. வீட்டிலிருந்தே மருந்து சாப்பிட்டவர்களையும் சானடோரியத்தில் (காசநோயாளிகளைத் தங்கவைக்கும் மருத்துவமனையில்) இருந்தவர்களையும் சென்னையில் 1956 முதல் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். குணமானதில் பெரிய வித்தியாசம் இல்லை. வீட்டாருக்குக் கூடுதலாகத் தொற்றவும் இல்லை.

டப்பாவை நீட்டும் ஊழியர் ஒருமுறை இருமிக் காட்ட அரை நிமிடம் ஆகும். எச்சில் வந்தால் வாங்கி வைக்காமல், அங்கேயே வேறு டப்பா கொடுக்கட்டும். சளியே வராதவர்களுக்கு உப்புநீர் ஆவி பிடிக்கவைத்து எடுக்கலாம். அந்த வசதி எங்கே கிடைக்கும் என்பதைச் சுகாதார நிலைய வாசலில் எழுதிப் போட வேண்டும்.

இப்படிக்கு,
காசநோய் ஆய்வகப் பணியாளர்,
மதுரை