லுவாங் பிரபாங் போகிறவளுக்கு

அன்புள்ள பாப்பா,

டிசம்பரில் தோழிகளோடு லாவோஸ் போகிறாய் என்று அப்பா சொன்னார். என்ன பார்க்கலாம், எங்கே சாப்பிடலாம், ராத்திரி எங்கே சுற்றலாம் என்று கேட்டிருந்தாய். போனில் சொல்ல ஆரம்பித்தால் பாதியில் உனக்கு மீட்டிங் வந்துவிடும். அதனால் எழுதியே அனுப்புகிறேன்.

ராத்திரியில் இருந்தே தொடங்குகிறேன், உனக்கு அதுதானே முக்கியம். லுவாங் பிரபாங் சீக்கிரம் தூங்கும் ஊர். இரவு 11.30 மணிக்கெல்லாம் பார்களை மூடிவிடுவார்கள். அதற்கு மேலும் ஆட்டம் வேண்டும் என்கிற இளசுகள் ஜம்போ பிடித்து (அங்கே ஆட்டோவுக்கு அதுதான் பெயர்) ஊருக்கு வெளியே இருக்கும் பவுலிங் கூடத்துக்குப் போகிறார்கள். நடுராத்திரியில் பந்து உருட்டத்தான் அவ்வளவு தூரம் விமானம் ஏறிப் போக வேண்டுமா என்பது என் கேள்வி. சரி, உங்கள் வயசு, உங்கள் இஷ்டம்.

ஆனால் ஒன்றை மட்டும் அம்மாவாகக் கண்டிப்போடு சொல்கிறேன். நீ குடிப்பாய் என்று எனக்குத் தெரியும், மறைக்க வேண்டாம். பீர்லாவோ குடி, மூடியை உன் கண் முன்னால் திறக்கச் சொல். இலவசமாக ஊற்றித் தரும் சின்னக் கிளாஸ்களையும், லாவோ லாவோ என்கிற அரிசிச் சாராயத்தையும் தொடாதே. 2024 நவம்பரில் வாங் வியெங்கில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து வெளிநாட்டுப் பயணிகள் 6 பேர் இறந்தார்கள். அதில் உன்னைவிடச் சின்னப் பெண்களும் இருந்தார்கள். தலைநகர் வியந்தியானில் இருந்து நீங்கள் ஏறப்போகும் ரயில் அந்த ஊர் வழியாகத்தான் போகும்.

ராத்திரியைச் சீக்கிரம் முடித்தால் விடியற்காலை உன் கைக்கு வரும். அந்த ஊரின் அழகெல்லாம் அப்போதுதான். பொழுது விடியும் நேரத்தில் காவியுடை துறவிகள் வரிசையாகப் பிச்சை ஏற்க வருவார்கள். ஊர்ப் பெண்கள் தரையில் அமர்ந்து ஆளுக்கு ஒரு பிடி சோறு போடுவார்கள். இதில் எனக்குக் கோபம் உண்டு. முகத்துக்கு நேராகக் கேமராவை நீட்டிக்கொண்டு துறவிகளின் கூடவே ஓடுகிறார்கள் சுற்றுலாக்காரர்கள். சக்கலீன் சாலையில் இந்தக் கூத்து அதிகம். நீங்கள் எதிர்ப்பக்கம், தள்ளி நில்லுங்கள். தோளும் முழங்காலும் மூடிய உடை போடுங்கள், ஃபிளாஷ் வேண்டாம். தெருவில் சோற்றுக்கூடை விற்பவர்களிடம் வாங்கிப் போட வேண்டாம். டிசம்பர் காலையில் குளிர் நன்றாகவே இருக்கும், ஸ்வெட்டர் எடுத்துக்கொள்.

இனி சாப்பாடு. அங்கே பசைச்சோறுதான் பிரதானம். மூங்கில் கூடையில் சூடாக வரும். கையால் சின்ன உருண்டை பிடித்துத் தொட்டுக்கொண்டு சாப்பிட வேண்டும். நாங்கள் போயிருந்தபோது, ஸ்பூன் தேடித் தவிக்கும் வெள்ளைக்காரர்கள் நடுவில் உன் அப்பாவுக்கு ஏக குஷி. தொட்டுக்கொள்ள ஜேவ் போங் என்று ஒரு மிளகாய்த் தொக்கு, காரமும் இனிப்புமாக இருக்கும். ஆற்றுப் பாசியை எள், பூண்டு, தக்காளி வைத்து அப்பளம் மாதிரி காயப்போட்டுப் பொரிப்பார்கள், அதன் பெயர் காய்பென். ஓ லாம் என்ற குழம்பை விட்டுவிடாதே. மிளகுக் குடும்பத்துக் கொடியின் தண்டை வெட்டி அதில் போடுகிறார்கள். தண்டை மென்று சாற்றை விழுங்கிவிட்டுச் சக்கையைத் துப்பிவிட வேண்டும், நாக்கு கொஞ்ச நேரம் மரத்துப்போகும்.

உன்னோடு வரும் பெண் ஒருத்தி சைவம் என்றாயே, அவளிடம் சொல்லிவை. ஜேவ் போங்கில் எருமைத் தோல் சேர்ப்பார்கள். பப்பாளி சாலடில் பாடேக் என்கிற மீன் ஊறல் இருக்கும். 'காய்கறி மட்டும்' என்று கேட்டாலும் அது உள்ளே வந்துவிடும். நான் பசைச்சோறும் காய்பெனும் பழமுமாகச் சமாளித்தேன், மோசமில்லை.

லுவாங் பிரபாங் 1995இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த ஊர். கோயில்கள் நிறைய, எல்லாவற்றுக்கும் போனால் கால்தான் வலிக்கும். சியெங் தோங் கோயிலுக்குப் போ. 16ஆம் நூற்றாண்டில் சேத்தாதிராத் மன்னர் கட்டியது, கூரை தாழ்ந்து தரையைத் தொடுகிற மாதிரி இருக்கும். அரசரின் சவ ஊர்தி நிற்கும் மண்டபத்தின் முகப்பைப் பொறுமையாகப் பார். பொன் பூசிய செதுக்கல்களில் நம் ராமாயணம் ஓடுகிறது. அவர்கள் அதை 'பிரா லக் பிரா லாம்' என்கிறார்கள், லட்சுமணன் பெயர்தான் முதலில். அரண்மனை அருங்காட்சியக வளாகத்திலேயே அந்தக் கதையை நடனமாக ஆடுகிறார்கள், என்றைக்கு என்று விசாரித்துக்கொள்.

குவாங் சி அருவி 30 கிலோமீட்டர். காலையிலேயே போனால் கூட்டமில்லாமல் குளிக்கலாம். பாக் ஊ குகைக்குப் படகில் போகும் பயணம் நன்றாக இருக்கும், குகை சுமார்தான்.

வெடிகுண்டு அகற்றுகிறவர்களின் காட்சியகம் ஒன்று ஊரிலேயே இருக்கிறது, அங்கே அவசியம் போ. 1964 முதல் 1973 வரை அமெரிக்க விமானங்கள் அந்தச் சின்ன நாட்டில் 20 லட்சம் டன்னுக்கு மேல் குண்டு போட்டன. வெடிக்காமல் மண்ணில் கிடப்பவை இன்னமும் ஆட்களைக் கொல்கின்றன. இரவுச் சந்தையில் குண்டு உலோகத்தில் செய்தது என்று கரண்டியும் சாவிக்கொத்தும் விற்பார்கள். காட்சியகத்தைப் பார்த்துவிட்டு வந்து கையில் எடு.

சாயங்காலம் எல்லோரும் பூசி குன்றின் உச்சிக்கு ஏறுவார்கள். முன்பக்கமாகப் போனால் 328 படி, மேலே போனால் செல்ஃபி குச்சிகளுக்கு நடுவில்தான் சூரியன் தெரியும். அதற்குப் பதில் படகில் மீகாங் ஆற்றைத் தாண்டி அக்கரைக்குப் போங்கள். சியெங் மென் என்ற கிராமத்துக்குப் பின்னால் சோம்பெட் கோயில் ஒரு மேட்டில் இருக்கிறது. அங்கிருந்து ஆறும் ஊரும் முழுசாகத் தெரியும், ஆளே இருக்க மாட்டார்கள். இருட்டும் முன் திரும்பிவிடு. கான் ஆற்றின் குறுக்கே ஒரு மூங்கில் பாலமும் உண்டு. ஒவ்வொரு மழைக்காலத்துக்கும் கழற்றிவிட்டு, வெள்ளம் வடிந்ததும் புதிதாகக் கட்டுவார்கள். நீங்கள் போகும்போது அநேகமாக நின்றிருக்கும்.

சந்தையில் துணி வாங்கினால் நெய்தவரிடமே வாங்கு. சில்க் என்று விற்பதில் பாதி பாலியஸ்டர். சித்திக்கு அவுரி நீலத்தில் ஒரு துப்பட்டா, அப்பாவுக்குக் காய்பென் ரெண்டு பாக்கெட். விலையைக் கொஞ்சம் குறைத்துக் கேள், ரொம்பவும் அடிக்காதே, கடை போட்டிருக்கும் மொங் என்ற மலை இனத்துப் பெண்கள் சின்னக் குழந்தைகளை மடியில் வைத்துக்கொண்டு ராத்திரி வரை உட்கார்ந்திருக்கிறார்கள். ரயில் டிக்கெட் எடுத்ததும் தேதியை அனுப்பு.

அன்புடன்,
அம்மா